இரத்தம் கழுவுவோரின் இருதய அபாயம்: அளக்கும் வகையும் அறிய வேண்டியவையும்

சிறுநீரகம் செயலற்றுப் போனவருக்கு மவுத்து அந்தச் சிறுநீரகத்தாலேயே வரும் என்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கிறார்கள். இயந்திரம் அதன் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது, வாரம் மூன்று தடவை போய் இரத்தம் கழுவி வந்தால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்கிறார்கள். இந்நாட்டு டயாலிசிஸ் பதிவேட்டைப் புரட்டினால் வேறு சங்கதி தெரியவருகிறது. இரத்தம் கழுவுவோர் இறப்பதற்கான காரணங்களில் பல்லாண்டுகளாக முன்வரிசையில் நிற்பது இருதய நோய்.

அப்படியானால் இவர்களுடைய இருதயம் எவ்வளவு அபாயத்தில் இருக்கிறது என்பதை எப்படி அறிவது? அது டாக்டர்களின் வேலையாயிற்றே, கடைக்காரர்களாகிய நமக்கு அதில் என்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கும் உண்டு. முதலாவது, நம் குடும்பங்களிலேயே இந்நோயாளிகள் இருக்கிறார்கள். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கும் தொழிலும், நெய்ச்சோறும், பால் டின் ஊற்றிய தேத்தண்ணீரும் இனிப்பு நீரை வருந்தி அழைக்கின்றன. இரண்டாவது, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஜனங்களுக்கு உப்பும் கருவாடும் மாவும் எண்ணெயும் விற்று வந்தவர்கள் நாம். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய்ப் பக்கத்தில் தோட்டங்களே வீட்டு மனைகளாகிவிட்டன. எனினும் அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் இன்னும் நம் கடைப்படி ஏறுகின்றன. கீழே சொல்லப்போகும் அபாயங்களில் சில நம் அடுக்குகளிலிருந்தே அவர்கள் வீட்டுக்குப் போகின்றன.

நோயாளிகளின் தொகை சிறிதன்று. நாடு முழுவதிலும் டயாலிசிஸில் இருப்போர் சுமார் 50,000 பேர். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவே காரணம். 2011-ல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் 100-க்கு 9 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. 2018-ல் அது 15-ஐத் தாண்டிவிட்டது. அவர்களுள் தமக்கு அந்நோய் இருப்பதை அறிந்திருந்தவர்கள் 100-க்கு 5 பேரே.

சிறுநீரகம் நின்றால் இருதயம் ஏன் கெடுகிறது?

உடம்பில் சேரும் நீர் வெளியேற வழியில்லாமல் இரத்தக் குழாய்களில் தேங்குகிறது, கொதிப்பு ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து இரவு பகலாகத் தள்ளித் தள்ளி இருதயத்தின் இடது அறைச் சதை தடித்துவிடுகிறது. மூட்டை தூக்குகிறவருக்குப் புஜம் தடித்தால் அது பலம். இருதயச் சதை தடிப்பதோ பலவீனம். தடித்த சதை விறைத்துப்போய், தனக்கு வேண்டிய இரத்தமே தனக்குப் போதாமல் தவிக்கும். கனடாவில் நடந்து 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக டயாலிசிஸ் தொடங்கிய 433 பேரைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 74 பேருக்குச் சதை தடித்திருந்தது. அதாவது, இயந்திரத்தை முதன்முதலாக நாடும்போதே முக்கால்வாசிப் பேருடைய இருதயம் பழுதுபட்டிருக்கிறது.

இதனோடு இரத்தச் சோகை சேர்கிறது. வெளியேறாத பாஸ்பரஸ் காரணமாக இரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படிகிறது. ரப்பர்க் குழாய்போல் நெகிழ வேண்டியது இரும்புக் குழாய்போல் இறுகிவிடுகிறது. பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்தால் இருதயத் துடிப்பின் தாளமே தவறி, முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். இப்படிப் பல பக்கத்திலிருந்தும் தாக்குதல் வருவதால், முப்பது வயது டயாலிசிஸ் நோயாளிக்கு இருதயத்தால் மரணம் நேரும் அபாயம், எண்பது வயதான சாதாரண மனிதருடைய அபாயத்துக்குச் சமமாக இருக்கிறதென்று அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் 1990-களிலேயே காட்டின. வாலிபர்தானே என்று அலட்சியம் செய்வதற்கு இடமில்லை.

பழைய அளவுகோல் பொருந்துவதில்லை

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் சிற்றூரின் மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்து, மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட ஒரு முறை வகுத்தார்கள். வயது, புகை பிடித்தல், இரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், நீரிழிவு ஆகியவற்றைக் கூட்டி, பத்தாண்டுகளில் இன்ன அளவு அபாயம் என்று சொல்லிவிடலாம். ஆரோக்கியமாக நடமாடுவோருக்கு அது நல்ல அளவுகோல். டயாலிசிஸ் நோயாளிக்கு அதை வைத்து அளந்தால் உண்மையான அபாயத்துக்கு மிகவும் குறைவாகவே விடை வரும். பொன் நிறுக்கும் தராசில் செம்பனைக் குலையை நிறுத்த கதைதான்.

கொலஸ்ட்ராலையே எடுத்துக்கொள்வோம். சோதனைச் சீட்டில் அது குறைந்திருந்தால் வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால் இரத்தம் கழுவுவோரிடையே கொலஸ்ட்ரால் மிகக் குறைந்தவர்களே அதிகமாக இறப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காரணம், அவர்கள் சாப்பிட முடியாமல் மெலிந்து, உள்ளுக்குள் அழற்சி கண்டு, அதனால் அது இறங்கியிருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஜெர்மனியில் டயாலிசிஸிலிருந்த 1,255 நீரிழிவுக்காரர்களிடம் சோதித்தார்கள் (முடிவு 2005-ல் வெளிவந்தது). 2009-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 2,776 பேர். இரண்டிலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. இருதயச் சதை தடிப்பதையும் தாளம் தவறுவதையும் கொழுப்பு மாத்திரை என்ன செய்யும்? ஆகவே 2013-ல் வந்த சர்வதேச வழிகாட்டி, டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அதைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை என்றும், முன்பிருந்தே சாப்பிட்டு வருவோர் தொடரலாம் என்றும் கூறியது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை.

கொதிப்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. இயந்திரத்தில் ஏறுமுன் ஓர் அளவு, இறங்கிய பின் ஓர் அளவு. இரண்டும் உடம்பிலுள்ள நீரைப் பொறுத்து மாறுபவை. டயாலிசிஸ் இல்லாத நாள்களில், வீட்டில், ஓய்வாக உட்கார்ந்து எடுத்த அளவுகளே இருதயத்தின் நிலையை மெய்யாகக் காட்டும். பிஸ்டுலா இருக்கும் கையில் மாத்திரம் ஒருபோதும் பட்டையைச் சுற்றக் கூடாது.

தராசு சொல்லும் செய்தி

இனி நம் தொழிலுக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். அரிசி மூட்டை மழையில் நனைந்தால் எடை கூடும். அரிசி கூடவில்லை என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். டயாலிசிஸ் நோயாளியின் எடையும் அவ்விதமே. மிகுதி நீர் இல்லாதபோது அவருக்குள்ள எடையை ‘உலர் எடை’ என்று டாக்டர் நிர்ணயிக்கிறார். அடுத்த முறை வரும்போது அதற்கு மேல் நிற்பதெல்லாம் நீர்தான். அந்த நீரை இயந்திரம் சுமார் நான்கு மணி நேரத்தில் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கொதிப்புச் சட்டென்று வீழ்கிறது. கால் கெண்டை பிடித்துக்கொள்கிறது. இருதயச் சதையின் சில பகுதிகள் இரத்தம் போதாமல் சற்று நேரம் திகைத்து நின்றுவிடுகின்றன. வாரம் மூன்று தடவை, வருஷக்கணக்கில் இது நடந்தால் திகைத்த சதை மீளாமலே போய்விடும்.

எவ்வளவு வேகம் மிகுதியான வேகம்? அமெரிக்காவில் 1,846 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டதில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் நீர் இழுக்கப்பட்டவர்களுக்கு இருதய மரணம் தெளிவாகக் கூடியிருந்தது. இதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கணக்கிடலாம். நான்கு மணி நேரச் சிகிச்சையானால் உலர் எடையை 52-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 3,120 மில்லி, அதாவது சுமார் 3.1 கிலோ. 50 கிலோ உள்ளவருக்கு 2.6 கிலோ. இது தாண்டக் கூடாத எல்லை. இதுவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததாக எண்ண வேண்டாம். குறையக் குறைய நல்லது. அந்த 60 கிலோக்காரர் 63.5 கிலோவாக வந்து நின்றால், நான்கு மணி நேரத்தில் மணிக்கு 14.6 மில்லி வீதம் இழுக்க நேரிடும். ஐந்து மணி நேரம் படுத்திருந்தால் அது 11.7-ஆக இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

நம் வியாபாரிகள் இங்கேதான் தவறுகிறார்கள். கடையில் ஆள் இல்லை, சரக்கு லாரி வந்துவிடும் என்று அரை மணி முன்னதாகவே ஊசியைக் கழற்றச் சொல்லுவோர் உண்டு. பெருநாள் வியாபாரத்துக்காக ஒரு தடவையை முழுதாகத் தள்ளிப்போடுவோரும் உண்டு. பல நாடுகளில் சேர்ந்து நடந்த ஓர் ஆய்வு, மாதத்தில் ஒரு தடவையாவது தவறவிடுவோருக்கு மரண அபாயம் 100-க்கு 30 பங்கு கூடுகிறதென்று 2003-ல் கண்டது. அரை மணி நேர விற்பனையில் வரும் லாபம் என்ன? தோட்டத்திலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து டவுனுக்கு வரும் நோயாளிகளுக்கும் இந்த அவசரம் உண்டு. ஒரே வேனில் வந்தவர்கள் ஒன்றாகத் திரும்ப வேண்டுமென்பதற்காகப் பிந்தி ஏறியவர் முந்தி இறங்கக் கூடாது.

இரண்டு நாள் இடைவெளி

மையங்களில் பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு முறையும், செவ்வாய், வியாழன், சனி என்று மற்றொரு முறையும் வைத்திருக்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் வாரத்தில் ஒரு தடவை இரண்டு முழு நாள்கள் இயந்திரமின்றிக் கழியும். அமெரிக்காவில் 32,065 நோயாளிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் இறப்பு விகிதம், 100 பேரை ஓராண்டு கவனித்த கணக்கில், 22.1, மற்ற நாள்களில் 18.0. மாரடைப்புக்காகவும் இருதயம் தளர்ந்ததற்காகவும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் அந்நாளிலேயே மிகுந்திருந்தது.

நம் மாநிலத்தில் நிக்காஹ் விருந்தும் கந்தூரியும் எந்த நாள்களில் வருகின்றன? சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை இரத்தம் கழுவியவர், அடுத்த திங்கள் வரை நீரும் பொட்டாசியமும் சேரப்போகிற அந்த இரண்டு நாளிலேயே, நெய்ச்சோற்றின்மேல் தாளிச்சாவை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டு, சர்பத்தைக் குடிக்கிறார். பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் பொட்டாசியம் மிகுதி. ஊறுகாயில் உப்பு, உப்பு உள்ளே போனால் தாகம் கேட்கும், தாகத்துக்குக் குடிக்கும் நீர் தராசில் ஏறும். விருந்துக்கு அழைக்க வேண்டாமென்று சொல்லவில்லை, அழையுங்கள். வற்புறுத்தி இன்னொரு அகப்பை வைக்காதிருங்கள்.

இளநீர், வாழைப்பழம், டுரியான் மூன்றும் பொட்டாசியக் கிடங்குகள். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழமும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு பழத்தோடு நோன்பு திறப்பவர்களைப் பார்த்து நோயாளியும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சி முழுதும் நீர்க்கணக்கு என்பதை மறக்க வேண்டாம். தீராத நோயுள்ளவருக்கு ஷரீஅத் சலுகை அளித்திருக்கிறது, ஃபித்யாவும் விதித்திருக்கிறது. எனினும் நோற்றே தீருவேன் என்பவர் முதலில் தம் டாக்டரையும், பிறகு ஆலிமையும் கலந்துகொள்ளட்டும்.

நம் அடுக்கிலுள்ள ஒரு பண்டத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஆரோக்கியத்துக்காக விற்கப்படும் உப்பு வகைகளில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. பொட்டலத்தில் மலாயில் ‘காலியம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கொதிப்புள்ள வேறொருவருக்கு நன்மை தரக்கூடிய அந்த உப்பு, டயாலிசிஸ் நோயாளியின் இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். அவர் வீட்டுப் பிள்ளை வந்து நல்ல உப்பாகக் கொடுங்கள் என்று கேட்டால், இதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கருவாடு, பெலாச்சான், சோயாக் குழம்பு, பாக்கெட் மீ இவற்றின் உப்பு யாவரும் அறிந்ததே. கறுப்புச் சோடா பானங்களிலும் பதனிட்ட இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பரஸ் குழாய்களில் சுண்ணாம்பு படிவதற்குத் துணைபோகிறது. (இருதயக் கணக்கில் சேராவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் கொல்லையில் பழுக்கும் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. ஓயாத விக்கலில் தொடங்கிப் புத்தி தடுமாறி வலிப்பில் முடியும்.)

வீட்டிலிருந்தபடி வயிற்றில் நீர் ஏற்றி இறக்கும் முறையைக் கைக்கொள்வோருக்கு இந்த இரண்டு நாள் இடைவெளி கிடையாது. ஆனால் இனிச் சொல்லும் பரிசோதனைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

எந்தப் பரிசோதனை, எப்போது?

நெஞ்சு வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது ஆபத்தான நினைப்பு. நெடுநாள் நீரிழிவில் நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் மாரடைப்பே வலியின்றி வரும். மூச்சு முட்டுவது, காரணமில்லாத களைப்பு, முன்பெல்லாம் சாதாரணமாக இருந்தவருக்குத் திடீரென்று இயந்திரத்திலிருக்கும்போது கொதிப்பு வீழ்வது ஆகிய இவைதாம் அடையாளங்கள். மூச்சு முட்டினால் ‘தண்ணி ஏறிவிட்டது’ என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுகிறார்கள். பல தடவை அது சரியாகவும் இருக்கும். நீரை இழுத்த பிறகும் முட்டினால் இருதயத்தைப் பார்க்க வேண்டும்.

முதன்மையானது எக்கோ என்னும் ஒலி அலைப் பரிசோதனை. வலியில்லை, ஊசியில்லை. சதை எவ்வளவு தடித்திருக்கிறது, எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது, வால்வுகள் எப்படி என்று காட்டிவிடும். டயாலிசிஸ் தொடங்கி, உலர் எடைக்கு வந்தபின், முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு தடவையும், பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒரு தடவையும் எடுக்க வேண்டுமென்று 2005-ல் அமெரிக்க வழிகாட்டி வகுத்தது. இடையில் நிலை மாறினால் உடனே எடுக்கலாம். கவனிக்க வேண்டியது, உடம்பில் நீர் தேங்கியிருக்கும்போது எடுத்தால் இருதயம் உள்ளதைவிடக் கெட்டதாகத் தோன்றும். ஆகவே நீண்ட இடைவெளியின் முடிவில் போகாமல், இரத்தம் கழுவிய மறுநாள் போவது நல்லது. சிரம்பான் துவாங்கு ஜாபர் ஆஸ்பத்திரியிலோ வேறிடத்திலோ நாள் குறிக்கும்போதே தம் டயாலிசிஸ் நாள்களைச் சொல்லிவிட வேண்டும்.

ஓடும் பட்டையில் நடக்கவைத்துச் செய்யும் சோதனை இவர்களில் பலருக்கு உதவாது. இருதயம் களைப்பதற்கு முன்பே கால் களைத்துவிடும். அதற்குப் பதிலாக மருந்தைச் செலுத்தி இருதயத்தைத் துரிதப்படுத்தி எக்கோவில் பார்க்கும் முறை உண்டு.

டிரோப்போனின் என்னும் இரத்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. மாரடைப்பில் இது உயரும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு மாரடைப்பு இல்லாதபோதும் எப்போதுமே உயர்ந்துதான் இருக்கும். அப்படி நிரந்தரமாக உயர்ந்திருப்பதே பிற்கால அபாயத்தின் குறி. மாரடைப்பா அல்லவா என்பதை, சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பழைய சீட்டு கையிலிருந்தால் டாக்டருக்கு எவ்வளவோ உதவி. ஈ.சி.ஜி.க்கும் அப்படியே, நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பை நீக்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். முற்றிய சிறுநீரக நோயும் இருதயக் குழாய் நோயும் சேர்ந்த 777 பேரிடம், நிலை திடமாக இருந்தபோது இம்முறையை மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டயாலிசிஸில் இருந்தவர்கள். மரணமோ மாரடைப்போ அதனால் குறையவில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு இந்த முடிவு பொருந்தாது. அப்போது தாமதிக்கவே கூடாது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரின் சோதனைகளும் வேறு. மற்றவர்கள், பணத்தைக் கட்டுமுன் சிறுநீரக டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதனால் எனக்கு மருந்தைவிட என்ன கூடுதல் நன்மை?

கடன் கணக்கு எழுத நாம் வைத்திருக்கும் 555 புத்தகத்தில் ஒன்றை நோயாளிக்கு எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் எடை, இறங்கிய பின் எடை, எத்தனை மணி நேரம், இடையில் கொதிப்பு வீழ்ந்ததா, வீட்டில் எடுத்த கொதிப்பு ஆகியவற்றை அதில் எழுதட்டும். மாதச் சோதனையில் வந்த பொட்டாசியம், பாஸ்பரஸ், இரத்தச் சோகை அளவுகளைக் கடைசிப் பக்கத்தில் குறிக்கட்டும். மூன்று மாதம் எழுதினால், எந்த வாரம் கந்தூரிக்குப் போனார் என்பதுகூட அதில் தெரிந்துவிடும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதையே கொண்டுபோக வேண்டும்.

ஒரு தடவை தவறிய பிறகோ, நீண்ட இடைவெளியின் கடைசி நாளிலோ, கைகால் சோர்ந்து விழுந்தாலும், நாடி மிக மெதுவாக அடித்தாலும், மயக்கம் வந்தாலும், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திராமல் 999-க்குப் போன் செய்து, ‘டயாலிசிஸ் நோயாளி’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெருநாள் சமயத்தில் மையங்கள் நாள்களை மாற்றி அமைப்பதுண்டு. அந்த மாற்றத்தால் இடைவெளி நீளுகிறதா என்பதை நோன்பின் கடைசிப் பத்துக்கு முன்பே மையத்தில் கேட்டுத் தெரிந்து, கடைக்கு ஆள் ஏற்பாட்டை அதற்கேற்பச் செய்துகொள்ளலாம்.